கொசு மேல் போட்ட பழி

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததில் என் தம்பி மோகன்குமாருக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. பெற்ற தாய் படுத்துக் கிடக்கும்போது எவனாவது திருப்திப்படுவானா என்று நீங்கள் கேட்கலாம். அவனைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மேச்சேரிக்கு மேற்கே எங்கள் தோட்டம். பக்கத்துத் தோட்டம் சின்னுசாமி அண்ணனுடையது, பங்காளி முறை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிறது. காரணம், எங்கள் சுவரை ஒட்டி அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கட்டிய சிமெண்ட் தொட்டி. அது நம் இடத்தில் ஏறி நிற்கிறது என்பது மோகனின் கட்சி. சர்வேயரைக் கூட்டி வந்து அளந்தும் பார்த்தான். அளவு சின்னுசாமி அண்ணனுக்குச் சாதகமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தத் தொட்டியை இடிக்க வேறு வழி தேடிக்கொண்டிருந்தவனுக்கு அம்மாவின் காய்ச்சல் கைக்கு வாகாகக் கிடைத்தது.

"டெங்குதாங்க்கா," என்றான் போனில். "அந்தத் தொட்டித் தண்ணியில புழு நெளியுது. வீடியோ அனுப்பறேன், பாரு."

அனுப்பினான். சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸில் நான் கிளார்க். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொசுப் புழு தலைகீழாகத் தொங்குவதையும் அதற்கு என் தம்பி வர்ணனை சொல்வதையும் பார்த்தேன். பின்னால் அம்மா முனகுவது கேட்டது. போன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டப்பாவை மூடிவிட்டு லீவு சொல்லிவிட்டு ஓமலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மூச்சு முட்டியது. ஒரு மூலையில் வேப்பந்தழைப் புகை, இன்னொரு மூலையில் கொசுவர்த்திச் சுருள். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருந்தான். கையில் கொசு அடிக்கிற பேட்டோடு கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டிலில், வலைக்குள், அந்தப் புகையெல்லாவற்றையும் குடித்துக்கொண்டு அம்மா படுத்திருந்தாள்.

வலையைத் தூக்கி நெற்றியில் கை வைத்தேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்டது போல இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எப்ப வந்த அம்முணி?" என்றாள். "தலை பொளந்து போகுது. வேற ஒண்ணுமில்ல. நீ எதுக்கு லீவப் போட்டுட்டு வந்த?"

"பப்பாளித் தழைச் சாறு குடுத்தாச்சு, நெலவேம்பும் குடுத்தாச்சு," என்றான் மோகன். "ரத்தத்துல தட்டணு கொறஞ்சிருக்குது. பாத்தியா? டெங்குக்கு அதுதான் அடையாளம்."

"டெங்கு டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு. இல்லைன்னு வந்துருக்குது. அது சில பேருக்கு லேட்டாத்தான் காட்டும்."

"இல்லைன்னு வந்தும் இருக்குதுன்னா என்னடா அர்த்தம்?"

"உனக்குத் தெரியாதுக்கா. நான் எல்லாம் படிச்சுட்டேன்."

மேச்சேரி கடைவீதியில் இருசக்கர வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிற கடை வைத்திருப்பவன் அவன். வைரஸ் பற்றியும் கொசு பற்றியும் போனில் வந்த அத்தனையையும் படித்துவிட்டிருந்தான். படித்தவனோடு வாதாடலாம், ஒன்றை மட்டும் தேடித் தேடிப் படித்தவனோடு வாதாட முடியாது. அவன் மனைவி தமிழினி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கட்டிலிலிருந்து அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

சேலத்துக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அம்மா மாட்டேன் என்றாள்.

"ஆட்டை ஆரு பாக்கறது?"

எங்கள் அம்மா மயிலம்மாளிடம் யார் என்ன கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். அப்பா போன பிறகு தோட்டம் மோகன் பேருக்கு வந்தது, வீடும் அவன் பேருக்கு வந்தது, கொட்டிலில் நிற்கிற மாடும் அவனுக்கு. ஆடுகள் மட்டும் அம்மாவுடையவை. செம்பழுப்பு நிறத்தில் மேச்சேரி ஆடுகள், ஒரு சின்ன மந்தை. காலையில் பழைய சோற்றைக் குடித்துவிட்டுக் கருவேலம் புதர் மண்டிக் கிடக்கிற ஓடைக்கரைக்கு ஓட்டிப் போனாளானால் பொழுது சாயும்போதுதான் வருவாள். போன வருஷம் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அப்போதே மோகன், "இன்னொரு தடவ ஆட்டால ஏதாவது வந்துச்சு, மறுநாளே சந்தைக்கு ஓட்டிருவேன்" என்று சொல்லியிருந்தான். வாயில் வருவதையெல்லாம் சொல்கிறவன்தான். ஆனால் விற்பது என்று வந்தால் சொன்னதைச் செய்கிறவன்.

"தமிழினி பாத்துக்குவா, எந்திரிம்மா," என்றேன். எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. அதைப் பார்த்ததும் மோகனுக்கே பயம் வந்து கார் பிடிக்கப் போனான். ஆட்டைச் சின்னுசாமி அண்ணன் வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று தமிழினி கேட்டாள். மோகன் அவளை முறைத்த முறைப்பில் கேள்வி அங்கேயே செத்தது. கடைசியில் பட்டியிலேயே தழையை வெட்டிப் போட்டுவிட்டு அவளும் எங்களோடு ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த டாக்டர் பெயர் தீபிகா. சின்ன வயசு. முந்தின நாளிலிருந்தே தூங்காத கண்கள். அம்மாவின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் குழாய் வைத்தார்.

"காட்டுப் பக்கம், புதர்ப் பக்கம் எல்லாம் போவாங்களா?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் மோகன் முந்திக்கொண்டான். "ஊட்டுக்குப் பக்கத்துலயே ஒரு தொட்டி இருக்குதுங்க டாக்டர். பங்காளி தொட்டி. அதுல பூராவும் கொசுப் புழு. நான் வீடியோவே எடுத்து வெச்சிருக்கறனுங்க."

"நான் அதைக் கேக்கல. அம்மா, நீங்க சொல்லுங்க. உடம்புல எங்கயாவது கருப்பா, நெருப்பு வெச்சுச் சுட்ட மாதிரி பொருக்கு இருக்கா? வலிக்காது, அரிக்காது. சும்மா இருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் சாமி," என்றாள் அம்மா.

டாக்டர் விடவில்லை. கழுத்து, காதுக்குப் பின்னால், அக்குள் என்று பார்த்துக்கொண்டே வந்தார். இடுப்புக்கு வந்ததும் அம்மா கொசுவத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அங்கெல்லாம் வேண்டாமுங்க. ஆம்பளைங்க நிக்கறாங்க."

மோகனை வெளியே போகச் சொன்னேன். போனான். அப்போதும் பிடியை விடவில்லை. அதற்குள் யாரையோ ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்டர், "ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கேன், வந்து மறுபடி பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த உடம்பைத்தான் காப்பாற்றச் சொல்லி வந்திருக்கிறோம், அதைக் காட்ட மாட்டேன் என்றால் எதற்கு வருவது?

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒரு கொள்கை உண்டு. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லக் கூடாது. மந்திரித்தது, கயிறு கட்டியது, பத்துப் போட்டது எதையும் சொல்லக் கூடாது. சொன்னால் திட்டுவார். திட்டு வாங்குவதைவிடச் செத்துப்போவது மரியாதை என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

மறுநாள் விடிந்தபோது அம்மா மோசமாகிவிட்டாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் ஆள் யாரென்று தெரியவில்லை. நாக்கை மடக்கி ஆடுகளைக் கூப்பிடுகிற சத்தம் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோகன் வராந்தாவில் போனில் யாரிடமோ, "பஞ்சாயத்துல புகை வண்டி அனுப்பறீங்களா இல்லியா? எங்கம்மா சாகக் கெடக்குறாங்க" என்று கத்திக்கொண்டிருந்தான்.

வேர்வையில் சேலை தொப்பலாக நனைந்திருந்தது. மாற்றலாம் என்று திரையை இழுத்துவிட்டு நானும் தமிழினியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அம்மாவின் கையில் பிடிக்கப் பலமில்லை. பாவாடை நாடாவைத் தளர்த்தினேன். இடுப்பின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் சிவப்பாக ஒன்று தெரிந்தது. ஒரு கணம் ரத்தம் என்றே நினைத்துவிட்டேன்.

ரத்தமில்லை. காவி. காவிக் கல்லை இழைத்துத் தடவி, மேலே கோடு கோடாக எழுதியிருந்தது. நடுவில் ஒரு சிங்கம் மாதிரி ஏதோ.

"அண்ணி, தொடாதீங்க," என்று தமிழினி என் கையைப் பிடித்தாள்.

"என்ன இது?"

"அக்கிங்க அண்ணி. அத்தைக்கு அக்கி வந்துருச்சு. சென்றாயன் அண்ணங்கிட்டப் போயி எழுதிட்டு வந்தோம். மூணு தடவ எழுதணும். ரெண்டுதான் ஆயிருக்குது. அதுவரைக்கும் தண்ணி படக் கூடாதுங்களாம்."

அக்கி என்றால் உடம்பில் கொப்புளம் கொப்புளமாக வந்து எரிகிற நோய். அதற்குப் பானை வனைகிறவர்களிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். சின்ன வயசில் எனக்கும் எழுதியிருக்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும். அதனால் சென்றாயன் அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதச் சொன்னால் எழுதுவார், அது அவர் தொழில்.

"கொப்புளம் இருந்துச்சா?"

தமிழினி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் பாக்கலீங்க. அத்தை காட்டல. எழுதறப்பக் கூட என்னைய அக்கட்டால போகச் சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்டயும் உங்க தம்பிகிட்டயும் மூச்சு உடக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

"நேத்து டாக்டர் அத்தனை தடவ கேட்டாங்களே, உனக்கு வாயில்லையா?"

"சத்தியம் பண்ணிட்டனுங்களே அண்ணி."

அவளை அறைந்திருப்பேன். கையில் ஈரத் துண்டு இருந்ததால் அறையவில்லை. அதை முக்கிப் பிழிந்து காவியைத் துடைக்க ஆரம்பித்தேன். தமிழினி, "பாதியில தொடைச்சா அக்கி மேலுக்கு ஏறிக்குமுங்க, உசுருக்கு ஆகாதுங்க" என்று அழுதாள். அழுதுகொண்டே தண்ணீர்க் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டாள். சிங்கம் கரைந்து போனது. அடியில் தோல் வெளுத்து வந்தது. பாவாடை நாடா அழுத்துகிற இடத்தில், மொச்சைக் கொட்டை அளவுக்குக் கருப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். டாக்டர் சொன்னாரே, நெருப்பு வைத்துச் சுட்ட மாதிரி, அதே மாதிரி.

சேலையைச் சுற்றிவிட்டு வராந்தா முழுக்க ஓடி டாக்டர் தீபிகாவைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகத்தில் கோபமா நிம்மதியா என்று சொல்ல முடியாத ஒன்று.

"நேத்தே சந்தேகப்பட்டேன்," என்றார். "ஸ்க்ரப் டைபஸ்ங்க. கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு வர்றது. பூச்சின்னா உண்ணி ஜாதி. ஆட்டு மேல பாக்கறோமே, அந்த உண்ணி இல்ல. இது புல்லுல, புதர்ல, எலி மேல இருக்கும். அங்க போய் உக்காந்தா ஏறிக் கடிச்சிரும். பாவாடை நாடா, மார்புக்குக் கீழ, அக்குள், இந்த மாதிரி மறைவான இடமாப் பாத்துக் கடிக்கும்."

"அப்ப கொசு இல்லீங்களா?" என்றது பின்னாலிருந்து மோகனின் குரல். சொத்து கைவிட்டுப் போனவன் குரலில் கேட்டான்.

"கொசு இல்லை. நம்ம ஊர்ல கொசு கொண்டுவர்ற காய்ச்சல் முக்காவாசி வைரஸ், இல்லாட்டி மலேரியா. இது பாக்டீரியா. ஒரு விதத்துல அது நல்லது. பாக்டீரியாவைக் கொல்ல மாத்திரை இருக்கு. சாதாரண மாத்திரை. முன்னாடியே குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்ப நுரையீரலைத் தொட்டிருச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல, உடனே ஆரம்பிக்கறேன். இந்த ரெண்டு நாள் தாண்டணும்."

சாதாரண மாத்திரை. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை. வேப்பந்தழைப் புகையும் பப்பாளிச் சாறும் வலையும் பேட்டும் வீடியோவும் எல்லாம் இருந்தன வீட்டில், அது ஒன்றைத் தவிர. என் அம்மா எதனாலேயோ கடிபட்டு எதற்கோ மருந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் யாராவது கொசு என்று என்னிடம் சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டைப் பார்க்க ஊருக்குக் கிளம்பும்வரை தமிழினி கட்டில் காலடியில், காவி படிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இந்த உயிர் போனால் பழி காவியைத் துடைத்த என் மேல் வரும், சத்தியத்தைக் காத்த அவள் மேல் வராது என்று எனக்குத் தெரியும். ஊருக்குள் இந்நேரம் பேச்சுக் கிளம்பியிருக்கும்.

காய்ச்சல் இறங்கியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஏதோ குழாயை மூடியது போல இறங்கியது. மூச்சு நிதானமானது. மூன்றாம் நாள் காலையில் அம்மா கண்ணைத் திறந்து, தெளிவாக, "தமிழினி எங்க? ஆட்டுக்குத் தண்ணி காட்டுனாளா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். தமிழினி முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டிருந்தாள்.

கொஞ்சம் கஞ்சி குடித்த பிறகு அம்மா இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "தொடைச்சுட்டியா?"

"ஆமா. தொடைக்காம உட்டிருந்தா இந்நேரம் உன்னையத் தொடைச்சு எடுத்திருப்பாங்க. அது அக்கியே இல்லம்மா. பூச்சிக் கடி. புதர்ல இருக்கற பூச்சி."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அக்கி இல்லைன்னு தெரியும். அக்கின்னா எரியோணும், நீர் கோக்கோணும். இது சும்மாக் கெடந்துச்சு. எனக்கென்ன அக்கி தெரியாதா?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "போன வருசம் ஓடைக்கு அக்கட்டால ஆத்தாயிக்கு இதே மாதிரி கருப்பா வந்து காச்சல் அடிச்சுது. பூச்சி கடின்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அடுத்த சந்தைக்கே அவ மகன் ஆட்டையெல்லாம் ஓட்டிட்டான். அவ இப்பத் தறி ஓட்டற ஊட்டுல பாவு நூல் முடிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்குறா."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அதனால?"

"அதனாலதான் எழுதிக்கிட்டேன். எழுதிட்டா ஆரும் தொட மாட்டாங்க, ஆரும் பாக்க மாட்டாங்க. மோகனும் கொசு கொசுன்னு சுத்திக்கிட்டு இருந்தான். அதுவும் செரின்னு இருந்துட்டேன். தானாப் போயிரும்னு நெனச்சேன்."

"ஆத்தாயிக்கு ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துத்தானம்மா பொழைச்சா? அது தெரிஞ்சும் மூடி வெச்சியா? நாலு ஆட்டுக்காகச் சாகத் துணிஞ்சியா?"

"கத்தாத. பக்கத்துல படுத்திருக்காங்க."

"கத்துவேன்."

"ஆடு இல்லாட்டி வெள்ளென எந்திரிச்சு நான் எங்க போறது, சொல்லு. ஊடு அவன்து. காடு அவன்து. அடுப்படி அவளுது. ராவுக்கும் பகலுக்கும் அந்த டிவி முன்னால உக்காந்துக்கிட்டு, ஒரு வாய் தண்ணிக்கும் ஏனுங்க ஏனுங்கன்னு கேட்டுக்கிட்டா இருக்கறது?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இன்னும் சூடாக இருந்தது. "உன்ற தம்பிக்கிட்டக் கொசுன்னே சொல்லிரு அம்முணி. அவனுக்கும் அதுதான் வேணும்."

"டாக்டர் அவன் முன்னாலதாம்மா சொன்னாங்க."

"டாக்டர் சொன்னதை அவன் எப்பக் கேட்டான்? நீ சொன்னாக் கேப்பான்."

அது உண்மைதான். டாக்டர் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது அன்று மாலையே தெரிந்தது. பழம் வாங்கிக்கொண்டு முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தான். பஞ்சாயத்திலிருந்து புகை வண்டி வந்ததாம். தெரு முழுக்க அடித்தார்களாம். தொட்டியைப் பார்த்துவிட்டு, டெங்கு என்று வீட்டுக்காரர்கள் உறுதியாகச் சொன்னால் இடிக்கச் சொல்கிறோம் என்றார்களாம்.

"நீ படிச்சவ, கவர்மெண்ட்ல இருக்கறவ. நீ ஒரு வார்த்தை போன்ல சொன்னாப் போதும்க்கா. டாக்டர் ஏதோ பூச்சின்னாங்க, செரி, பூச்சின்னாக் கொசுவும் பூச்சிதான. அம்மாவும் அதத்தான் சொல்றாங்க. என்னம்மா?"

"ஆமா சாமி," என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.

போனை நீட்டிக்கொண்டு நின்றான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் சின்னுசாமி அண்ணன் தொட்டி போகும். அவர் ஒரு பாவமும் அறியாதவர். அது கூடப் போகட்டும். தமிழினி அன்று காலை நான் போன் செய்தபோதும் அதே ஓடைக்கரையில், அதே புதரில் உட்கார்ந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அடுத்த கடிக்கு அம்மா மறுபடி எழுதிக்கொள்ள மாட்டாள் என்று என்ன நிச்சயம்? இன்னொரு தடவை நான் துடைக்கிற நேரத்துக்கு வந்து சேர்வேனா?

"கொசு இல்லடா," என்றேன். "ஓடைக்கரைப் புதர்ல இருக்கற பூச்சி. அம்மா ஆடு மேய்க்கற இடத்துல கடிச்சிருக்குது. உன்ற புகை வண்டி அதை ஒண்ணும் பண்ணாது."

அம்மா என் கையை விட்டாள்.

மோகன் போனை இறக்கினான். நான் விடாமல் பேசினேன். டாக்டரையும் கூட்டி வந்து பேச வைத்தேன். ஆடு காரணமில்லை, புதர்தான் காரணம். புதரை வெட்டுங்கள், வீட்டைச் சுற்றி எலி அண்டாமல் பாருங்கள். வெறும் தரையில் உட்காராதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், வந்ததும் குளித்துத் துணியை மாற்றுங்கள். காய்ச்சல் வந்தால் உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள், அன்றைக்கே வாருங்கள். மோகன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். இவ்வளவு பணிவாக அவன் தலையாட்டி நான் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் அம்மாவை நேராக ஊருக்குக் கொண்டுபோகாமல் சூரமங்கலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் வைத்துக்கொண்டேன். தெம்பு வரட்டும் என்று நினைத்தேன். தினமும் தமிழினிக்குப் போன் போட்டு ஆட்டைப் பற்றி விசாரித்தாள் அம்மா. ஒரு புதன்கிழமைக்குப் பிறகு தமிழினி போனை எடுக்கவில்லை. அன்று மேச்சேரிச் சந்தை.

ஊருக்குப் போய் இறங்கியபோது பட்டியைக் கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புழுக்கை கூட இல்லை. அம்மா படலைத் திறந்து உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"உசுருதானம்மா முக்கியம்," என்றான் மோகன். "அக்காவேதான் சொல்லுச்சு, அங்க போனதாலதான் வந்துச்சுன்னு."

"புதரை வெட்டுனியாடா?" என்று கேட்டேன்.

"ஆடே இல்ல, இனிப் புதர் இருந்தா என்ன, இல்லாட்டி என்னக்கா?"

ஓடைக்கரையில் கருவேலம் அப்படியே மண்டிக் கிடந்தது. தமிழினி மாட்டுக்குப் புல் அறுக்க அங்கேதான் போகிறாள், அரைக்கைச் சட்டையோடு. நான் அவனைத் திட்டினேன், என் வாழ்நாளில் யாரையும் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். சின்னுசாமி அண்ணன் வீட்டில் எல்லாரும் வெளியே வந்து நின்று கேட்டார்கள். திட்டி முடித்தபோது ஒன்று உறைத்தது. அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

தமிழினியைத் தனியாகக் கூப்பிட்டு என் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை இரண்டைக் கொடுத்தேன். போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். சத்தியம் வாங்கவில்லை. அந்த வீட்டுச் சத்தியங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அம்மா பிழைத்துவிட்டாள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், உங்கம்மா மறுபிறப்பு எடுத்து வந்துட்டாங்க என்று. தினமும் ஆபீஸ் முடிந்ததும் போன் செய்கிறேன். அம்மா வாங்கிப் பேசுவதில்லை. தமிழினிதான் போனை வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். நேற்றும் அப்படித்தான். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி கேக்கறாங்க அத்தை, நல்லாருக்கீங்களான்னு."

அம்மாவின் குரல் தெளிவாகவே கேட்டது.

"காச்சல் இல்லைன்னு சொல்லு."